சோடா போத்தல்ல குளவிப் பொறி: தேனி தப்பணும், குளவி மட்டும் மாட்டணும், நடக்குமா?

போகவந்தலாவ பையன்:
வணக்கம் எல்லாருக்கும். இலங்கை மலையகத்துல, எங்க தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்கு பின்னால மரக்கறி போடுற துண்டுல நாலு தேனிப்பெட்டி வச்சிருக்கேன், ரெண்டு வருஷமாச்சு. இப்ப மூணு வாரமா குளவித் தொல்லை தாங்க முடியல. வெயில் ஏறினா போதும், ஒவ்வொரு பெட்டி வாசல்லயும் ஒண்ணு ரெண்டு வந்து அந்தரத்துல நின்னுகிட்டு இருக்கும், பெட்டிக்கு முதுக காட்டிகிட்டு, காலெல்லாம் மகரந்தத்தோட திரும்பி வர்ற தேனிய அப்படியே காத்துலயே லபக்குனு புடிச்சிட்டு போயிரும். நேத்து ஒண்ணு பின்னாலயே போயி பார்த்தேன். பக்கத்து தேயிலை செடியில ஒத்தக் கால்ல தொங்கிகிட்டு தேனியோட தலைய நறுக்குது, செறகு நறுக்குது, கால நறுக்குது, வயித்தையும் கீழ போட்டுட்டு நடு உடம்ப மட்டும் உருண்டையா உருட்டி எடுத்துட்டு போகுது. இறைச்சிக் கடையில கூட அவ்வளவு சுத்தமா வெட்ட மாட்டாங்க. செடிக்கு கீழ குனிஞ்சு பார்த்தா பூரா தேனித் தலையா கெடக்கு.

பிரான்ஸ்ல செய்யிற ஒரு பொறி வீடியோ பார்த்தேன். பிளாஸ்டிக் போத்தல், மேல ஒரு கூம்பு, பக்கத்துல சின்ன சின்ன ஓட்டை, உள்ள இனிப்பு தண்ணி. குளவி உள்ள வந்தா வெளிய போக முடியாதாம், தேனி அந்த சின்ன ஓட்டை வழியா தப்பிச்சுக்குமாம். எந்த ஓட்டை எத்தனை மில்லினு சரியா வெளங்கல, பாஷை புரியல. யாராச்சும் செஞ்சிருக்கீங்களா?

இன்னொண்ணு, போன மாசம் 9ம் நம்பர் மலையில அம்மாவோட கொழுந்து எடுக்குற ஏழு பேர குளவி கொட்டி ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் வச்சிருந்தாங்க. அதனால பொறி சரியா வந்தா பத்து பதினஞ்சு செஞ்சு மலையிலயும் கட்டலாம்னு இருக்கேன்.

ஹட்டன் மச்சான்:
எதுக்குடா இந்த கண்றாவி எல்லாம், கூடு எங்கனு பார்த்து ராத்திரி போயி ஒரு பந்தம் கட்டி கொளுத்தி விட்டா முடிஞ்சுது. எங்க மாமா அப்படித்தான் செய்வாரு.

பதுளை டீச்சர்:
பந்தம் கட்டுற ஐடியாவ தயவுசெஞ்சு யாரும் எடுத்துக்க வேணாம். காய்ஞ்ச காலத்துல பத்தனைப் புல்லுவெளியில நெருப்பு ஏறினா யாரு அணைக்கிறது, மரத்துல பாதி ஏறி நிக்கிறப்ப கூட்டம் எறங்குனா யாரு எறக்குறது.

தம்பி, பொறிக்கு முன்னால ஒரு கேள்வி. மலையில கொட்டுன அன்னிக்கு அவங்க ஒடம்புல கொடுக்கு நின்னுச்சா இல்லையா? கொட்டுன எடத்துல கறுப்பா முள்ளு மாதிரி, அதோட நுனியில சின்ன பை மாதிரி? அம்மாகிட்ட கேட்டு சொல்லுங்க.

போகவந்தலாவ பையன்:
கேட்டேன் டீச்சர். நின்னுச்சாம். டிஸ்பென்சரியில ஒக்காந்து ஒருத்தருக்கொருத்தர் நகத்தால எடுத்து விட்டாங்களாம், ஒரு அக்காவுக்கு தலையில மட்டும் அறுபதுக்கு மேல எண்ணிட்டு அப்புறம் எண்றத விட்டுட்டாங்களாம். முடிக்குள்ள பூந்து கொட்டியிருக்கு. கொழுந்து கூடைய போட்டுட்டு இடுப்புல கட்டுற படங்க தலையில சுத்திகிட்டு ஓடியிருக்காங்க. ஏன் கேக்குறீங்க?

பதுளை டீச்சர்:
அப்ப அது குளவியே இல்ல. கொடுக்க விட்டுட்டு போறது தேனி சாதி தான், அதோட கொடுக்குல முள்ளு இருக்கு, தோல்ல மாட்டிகிட்டு பிஞ்சு வந்துரும், அதோட அந்த தேனியும் செத்துரும். குளவியோட கொடுக்கு வழுவழுனு ஊசி மாதிரி, உருவி எடுத்து திரும்பத் திரும்ப கொட்டும், தோல்ல எதுவும் நிக்காது.

மலையில கொட்டுனது பெரிய தேனி, சிங்களத்துல பம்பரானு சொல்றது. டர்பன்டைன் மரத்து ஒசரக் கொப்புல, பாறை இடுக்குல, ஒரே ஒரு அடை மட்டும் தெறந்த மேனிக்கு தொங்கும், ஒரு மீட்டர் அகலம் கூட வரும். பருந்து வந்து அடைய கொத்தினாலோ, கீழ யாராச்சும் பொகை போட்டாலோ, பெரிய காத்துல கொப்பு ஆடினாலோ கூட்டமா எறங்கும். உங்க பெட்டி வாசல்ல நிக்கிறது தெபரா, அது தான் நெசக் குளவி. நம்ம பக்கம் ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சிட்டோம், பத்திரிகையிலயும் எல்லாத்துக்கும் "குளவிக் கொட்டுக்கு இலக்காகி"னு ஒரே வசனம். கொட்டு வாங்குனவங்களுக்கு பேரு முக்கியம் இல்ல தான், பொறி செய்யிறவருக்கு முக்கியம். பெரிய தேனிக்கு எந்த போத்தலும் வேலை செய்யாது, அது பூவுக்கு போற சாதி. போத்தல் கட்டுறேன்னு அந்த மரத்து கிட்ட போயிராதீங்க, அவ்வளவு தான் சொல்லுவேன்.

நானுஓயா கிழவன்:
டீச்சர் சொல்றது சரி. எங்க ஆத்தா இருந்தப்ப குளவினு சொல்லாது, கதண்டுனு தான் சொல்லும், பெரிய கறுப்புக் குளவிக்கு மட்டும். தேனிக்கு வேற பேரு. இந்தியாவுல இருந்து வந்த எங்க தாத்தா பாட்டி காலத்து சொல்லு அது, பிள்ளைங்க யாருக்கும் இப்ப தெரியாது.

போகவந்தலாவ பையன்:
அடக் கடவுளே. அப்ப ரெண்டும் வேற பிரச்சினை. சரி, மலைய விடுங்க, பெட்டிக்கு மட்டும் பொறி செய்யிறேன். எங்க வீட்டுக்கு வர்றது நல்லா கறுப்பு, வயித்துல அகலமா ஒரே ஒரு மஞ்ச பட்டி. ஓட்டை அளவு யாருக்காச்சும் தெரியுமா?

பொர்தோ அண்ணன்:
தம்பி, வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப பிரான்ஸில பொர்தோவுக்குப் பக்கத்தில இருக்கிறன், ஆறு பெட்டி வச்சிருக்கிறன். நீங்கள் பார்த்த வீடியோ இஞ்சத்தைப் பிரச்சினைக்குச் செய்தது, உங்கட பிரச்சினைக்கு இல்ல. அதை முதல்ல சொல்லிப்போட்டு அளவுக்கு வாறன்.

இஞ்ச வந்தது ஆசியக் குளவி, வெஸ்பா வெலூட்டினா எண்டு விஞ்ஞானப் பேர், கால் நுனியெல்லாம் மஞ்சள். இந்தியாவின்ர வடகிழக்கு, சீனா, இந்தோனேசியாப் பக்கம் அதின்ர சொந்த ஊர். 2004ல எங்களுக்குக் கிட்ட லோ எ கரோன் மாவட்டத்தில முதல் கண்டவை, சீனாவில இருந்து வந்த மண்பாண்டச் சாமான்களோட வந்திருக்கும் எண்டு தான் சொல்லுகினம். மரபணு பார்த்தால் கனக்க ஆணோட சேர்ந்த ஒரே ஒரு ராணியில இருந்து தான் இவ்வளவும் பெருகினது. ஒரே ஒரு ராணி! 2010ல ஸ்பெயின், 2016ல இங்கிலாந்து, 2023ல அமெரிக்கா ஜோர்ஜியா மாநிலம் சவானா வரைக்கும் போட்டுது. எங்கட தேனீ ஐரோப்பியத் தேனீ, அதுக்கு உந்தக் குளவியைத் தெரியாது, வாசல்ல குளவி நிண்டால் பயத்தில வெளிய போறதையே நிப்பாட்டிப்போடும், மாரிக்கு, அதாவது குளிர்காலத்துக்கு, சாப்பாடு சேராமல் பெட்டி சாகும்.

இப்ப அளவு. உள்ளுக்கு வாற கூம்பின்ர சின்ன வாய் 8, 9 மில்லிமீட்டர். ஏன் அவ்வளவு எண்டால் இஞ்ச சொந்தக் குளவியும் ஒண்டு இருக்கு, ஐரோப்பியக் குளவி, அது பெரிசு, அது உள்ளுக்கு வரக்கூடாது. பக்கத்தில போடுற தப்பிற ஓட்டை 5.5 மில்லி. அதுக்குள்ளால தேனீ, இலையான், சின்னப் பூச்சி எல்லாம் போயிடும், ஆசியக் குளவி போகாது. அப்ப பெரிசும் வராது, சின்னனும் நிக்காது, நடுவில உள்ள ஒண்டு தான் மாட்டும். உதுதான் முழு ரகசியம். இரை, கறுத்த பியர், வெள்ளை வைன், பழப் பாணி, மூண்டும் கலந்து. வைன் ஏன் எண்டால் அந்த மணத்துக்குத் தேனீ கிட்ட வராது. முக்கியமான விசயம், இரையைச் சும்மா ஊத்தக்கூடாது, பஞ்சில ஊற வச்சு மேல கம்பி வலை போடோணும், இல்லாட்டி ஓட்டை இருந்தும் பூச்சியெல்லாம் அதுக்குள்ள விழுந்து தாண்டு செத்துப்போகும்.

அதைவிட, காலம். இஞ்ச மாரியில ராணி மட்டும் தான் உயிரோட இருக்கும், மற்றதெல்லாம் செத்துப்போகும். பெப்ரவரி தொடக்கம் மே மட்டும் அந்த ராணி தனிய வெளிக்கிட்டுத் தோடம்பழம் அளவில ஒரு கூடு கட்டும். அப்ப ஒண்டைப் பிடிச்சால் ஒரு கூட்டையே பிடிச்ச மாதிரி எண்டு தான் எல்லாரும் போத்தல் தூக்கினம். அதுக்கும் இஞ்ச பெரிய சண்டை. ராணியள் கூட்டுக்காகத் தங்களுக்குள்ளயே அடிபட்டுக் கனக்கச் சாகும், நீ பத்தைப் பிடிச்சால் மிச்சத்துக்கு இடம் கிடைக்கும், அவ்வளவு தான், போத்தலுக்குள்ள சாகிறது முக்கால்வாசி வேற பூச்சி எண்டு ஒரு பக்கம் சொல்லும். எங்கட சங்கக் கூட்டத்தில உந்தக் கதை எடுத்தால் தேத்தண்ணி ஆறிப்போகும்.

போகவந்தலாவ பையன்:
அண்ணே, ரொம்ப நன்றி, இவ்வளவு வெளக்கமா யாரும் சொல்லல. நமக்கு இங்க வைனுக்கு எங்க போறது, கித்துள் கள்ளு இருக்கு, பாணி இருக்கு, அத வச்சு செஞ்சு பார்க்குறேன். நாளைக்கு லீவு தான்.

ஹட்டன் மச்சான்:
கள்ளு குளவிக்கா உனக்கா

போகவந்தலாவ பையன்:
செஞ்சிட்டேன், ரிப்போர்ட் இந்தாங்க. ஒன்றரை லீட்டர் சோடா போத்தல் ரெண்டு. ஒண்ணோட கழுத்த வெட்டி தலைகீழா மத்ததுல சொருகுனா கூம்பு ரெடி, ஆனா போத்தல் வாய் ரெண்டு செண்டிமீட்டருக்கு மேல வருது, அதனால மூடிய மாட்டி மூடியில தான் 9 மில்லி ஓட்டை போட்டேன். பக்கத்துல ஓட்டை போடுறதுக்குள்ள தான் உசுரு போயிருச்சு. கம்பிய காய்ச்சி குத்துனா ஓட்டை உருகி நீளமா போகுது, ஒண்ணு அஞ்சு, ஒண்ணு ஏழு. ஏழுல குளவி போயிராதா. அப்புறம் டவுனுக்கு போயி அஞ்சரை மில்லி டிரில் பிட்டு ஒண்ணு வாங்கி, போத்தலுக்குள்ள மண்ண இறுக்கி நெரப்பி, மெதுவா துளைச்சேன். மண்ணு போட்டா பிளாஸ்டிக் உள்ள மடங்காது, இத யாரும் வீடியோவுல சொல்லல, நானா கண்டுபுடிச்சது. பிசிறு சுரண்டி எடுத்தேன், ஓட்டை ஓரம் கூரா இருந்தா தேனி செறகு கிழியும்ல.

முத நாள் பஞ்சு வைக்காம கள்ளும் பாணியும் ஊத்தி வச்சேன், அண்ணன் சொன்னத கேக்காம, ஒரு நாள் தானேனு. சாயந்தரம் தெறந்தா ஈ, அந்திப்பூச்சி, சின்ன வண்டு, பழப்பூச்சி, ஒரு சின்ன காகிதக் குளவி, நம்ம தேனி ரெண்டு, எல்லாம் மெதக்குது. தெபரா ஒண்ணு கூட இல்ல. அந்த ரெண்டு தேனிய பார்த்ததும் மனசு கேக்கல.

ரெண்டாவது நாள் பஞ்சு வச்சு வலை போட்டேன். அப்ப தான் அந்த ஓட்டையோட அருமை தெரிஞ்சுது. பக்கத்துலயே குந்திகிட்டு பார்த்தேன், ஈயெல்லாம் வெளிச்சத்த பார்த்து போத்தல் ஓரத்துக்கு வருது, ஓட்டைய தடவித் தடவி கண்டுபுடிச்சு ஒண்ணு பின்னால ஒண்ணா வெளிய வருது, பஸ்ல இருந்து எறங்குற மாதிரி. அழகா இருந்துச்சு. நாலு நாள்ல தெபரா மொத்தமே மூணு. அதுல ஒண்ண எடுத்து பிட்டு பக்கத்துல வச்சு பார்த்தேன், தலை அஞ்சரைய விட கொஞ்சம் அகலம், ஆறுக்கு மேல இருக்கும். அளவு எல்லாம் சரி தான். ஆனா அந்த நாலு நாளும் பெட்டி வாசல்ல அதே கூட்டம் அப்படியே நிக்குது. போத்தல் பக்கத்துல தொங்குது, அது திரும்பிக் கூட பார்க்கல!

பதுளை டீச்சர்:
நல்லா செஞ்சிருக்கீங்க. ஆனா ஏன் திரும்பிப் பார்க்கலனு யோசிங்க. வாசல்ல நிக்கிறது வேலைக்காரக் குளவி, அது தேடி வந்தது இனிப்ப இல்ல, கூட்டுல இருக்குற புழுக்களுக்கு இறைச்சிய. கண்ணு முன்னால தேனி பறக்குறப்ப கள்ளுக்கு ஏன் போகுது. இன்னொண்ணு, அண்ணன் சொன்ன காலக் கணக்கு நமக்கு இல்லவே இல்ல. நம்ம மலையில எவ்வளவு குளிர்னாலும் பிரான்ஸ் மாதிரி மாரி இல்ல, ராணி மட்டும் தனியா சுத்துற மாசம்னு ஒண்ணு கெடையாது. அங்க போத்தலுக்கு பாதி பலம் ஓட்டை அளவுல, பாதி பலம் மாசத்துல. நமக்கு அந்த ரெண்டாவது பாதி கெடையாது.

அதோட, தெபரா வெளிநாட்டுல இருந்து வந்தது இல்ல. நம்ம தேனி எப்ப இருந்து இருக்கோ அப்ப இருந்து இதுவும் இருக்கு. மரக்கறித் தோட்டத்துல புழு புடிக்கிறதும் அது தான், காகிதக் குளவிக் கூட்ட கொள்ளையடிக்கிறதும் அது தான். பூண்டோட அழிக்கணும்னு ஒண்ணும் இல்ல, உங்க வாசல்ல இருந்து தள்ளி வச்சா போதும்.

நம்ம நாட்டு தேனிக்கு ஐரோப்பியத் தேனிக்கு இல்லாத ஒரு வித்தை தெரியும். குளவி ரொம்ப கிட்ட வந்துட்டா நூத்துக்கணக்குல ஒண்ணா பாஞ்சு அத பந்து மாதிரி மூடிக்கும். கொட்டாது. செறகு தசைய அசைச்சு சூடு ஏத்தும், உள்ள 46 பாகை வரைக்கும் ஏறும், குளவியால அந்த சூட்டையும் மூச்சு முட்டுறதையும் தாங்க முடியாது, தேனி அத விட ஒண்ணு ரெண்டு பாகை கூட தாங்கும். 1995ல ஜப்பான் ஆராய்ச்சிக்காரங்க எழுதினாங்க, அதுவும் நம்ம தேனி இனம் தான், ஜப்பான் வகை. ஆனா இதுக்கு பெட்டியில ஆள்பலம் வேணும். உங்க பெட்டியில எத்தனை அடை நெறைய தேனி நிக்குது? கூட்டம் கொறவா இருந்தா வாசல சின்னதாக்குங்க, மழைக்காலத்துல சீனிப்பாகு குடுங்க. பண்டாரவளை பிந்துனுவெவயில விவசாயத் திணைக்களத்தோட தேனி வளர்ப்பு பிரிவு இருக்கு, ஒரு தடவ போயிட்டு வாங்க.

பொர்தோ அண்ணன்:
டீச்சர் சொன்னதோட நான் ஒண்டு. இஞ்ச நாங்கள் இப்ப போத்தலை விடக் கூட நம்புறது ரெண்டு சாமான். ஒண்டுக்குப் பேர் மியூஸ்லியேர், நாய்க்குப் போடுற வாய்க்கூடு எண்டு அர்த்தம். பெட்டி வாசலுக்கு முன்னால கம்பி வலையில ஒரு கூடு, தேனீ போய் வரும், குளவி வாசலுக்குக் கிட்ட வர ஏலாது, தேனீக்குப் பயம் தெளியும், திரும்ப வேலைக்குப் போகும். மற்றது மின்சார வீணை. சட்டத்தில நிமிர்ந்த கம்பி, ரெண்டு கம்பிக்கு நடுவில தேனீ தப்பிப் போற அளவு இடைவெளி, குளவி செட்டையை விரிச்சு வந்தால் ரெண்டிலயும் முட்டி அடிபட்டு விழும். உள்ளதுக்குள்ள அந்த வீணை தான் ஆளைத் தெரிஞ்சு பிடிக்கிற சாமான். விலை கனக்க. எங்கட பக்கத்து வீட்டுக் கிழவர் பட்மின்ரன் மட்டையோட கதிரை போட்டு இருப்பார், ஒரு பின்னேரத்துக்கு முப்பது அடிப்பார், அவருக்கு ஒரு பொறியும் தேவையில்ல.

தலவாக்கலை தங்கச்சி:
பட்மிண்டன் எதுக்கு, நுளம்பு பேட் இருக்கே எல்லார் வீட்லயும், அது தானே ஏழைங்களோட மின்சார வீணை 😄

போகவந்தலாவ பையன்:
தங்கச்சி சொன்னதும் வீட்ல இருந்த நுளம்பு பேட்ட தூக்கிட்டு போனேன். பட்டுனு வெடிக்குது ஆனா சாகல, மயங்கி விழுது, உடனே கால வச்சு தேய்க்கணும், அரை நிமிஷத்துல எந்திரிச்சு திரும்ப வருது, கோவத்தோட வருது. ஒண்ணு காதுக்கு பின்னால கொட்டிருச்சு. கொடுக்கு நிக்கல, டீச்சர் சொன்னது சரி தான்! ரெண்டு நாள் காது பணியாரம் மாதிரி இருந்துச்சு.

பதுளை டீச்சர்:
சிரிக்க வேணாம் தம்பி. வீக்கம் அந்த எடத்தோட நின்னா பரவால்ல. மூச்சு இழுத்தாலோ, ஒடம்பு பூரா தடிப்பு போட்டாலோ, தலை சுத்தினாலோ ஒரு கொட்டா இருந்தாலும் வீட்ல மஞ்சளும் சுண்ணாம்பும் தடவிகிட்டு இருக்காம ஆஸ்பத்திரிக்கு போயிரணும். தேனி கொட்டுனா கொடுக்க எப்படி எடுக்குறதுனு யோசிக்காம சட்டுனு எடுத்துரணும், நிக்கிற வரைக்கும் விஷம் எறங்கிகிட்டே இருக்கும். பேட் வேணாம், வலைய பாருங்க.

போகவந்தலாவ பையன்:
ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும், மழை, கரண்டும் இல்ல. வலை போட்டாச்சு. ஹார்ட்வெயார்ல அஞ்சரை மில்லி வலைனு கேட்டா சிரிக்கிறாங்க, கால் இஞ்சி வலை தான் இருக்குனாங்க. கால் இஞ்சினா ஆறே கால் மில்லிக்கு மேல வருமேனு யோசிச்சேன், அப்புறம் தான் தோணுச்சு அது கம்பி நடுவுல இருந்து கம்பி நடுவுக்கு, கம்பியோட தடிப்ப கழிச்சா ஓட்டை அஞ்சரை சொச்சம் தான். பொறியில மாட்டுன தெபராவ வச்சு தள்ளிப் பார்த்தேன், போகல. செத்தது தான், உயிரோட இருக்குறத வச்சு தள்ள எனக்கு என்ன பைத்தியமா.

ஒரு சாண் ஒசரம், ஒரு சாண் ஆழத்துல நாலு கூடு செஞ்சு நாலு பெட்டிக்கும் மாட்டிட்டேன். முத நாள் தேனியெல்லாம் வலையில முட்டி குழம்பிருச்சு, மகரந்தம் கொஞ்சம் உதிர்ந்துச்சு, ரெண்டாவது நாள் மத்தியானத்துக்குள்ள பழகிருச்சு. குளவி இப்பவும் வருது, வலைக்கு வெளிய நிக்குது, ஒண்ணு ரெண்டு புடிக்கிறது நிக்கல. ஆனா தேனி உள்ள பதுங்கி கெடக்கல, போகுது வருது. மூணாவது பெட்டி தான் ஆள்பலம் உள்ளது, அதுல நான் பார்த்தத சொல்லியே ஆகணும். ஒரு தெபரா வலையில தொத்திகிட்டு கால உள்ள விட்டு பார்த்துகிட்டு இருந்துச்சு, உள்ள இருந்து திபுதிபுனு வந்து அத கவ்விருச்சுங்க, வெளிய இருந்த கூட்டமும் சேர்ந்து வலையோட ஒட்டி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு உருண்டை, உஸ்ஸுனு ஒரு சத்தம். கொட்டுமோனு பயந்து பயந்து பொறங்கைய கிட்ட கொண்டு போனேன், சோத்துப் பானை மூடிக்கு மேல கைய வச்ச மாதிரி வெதுவெதுனு இருந்துச்சு. ஒரு இருபது நிமிஷத்துல உருண்டை அவுந்துச்சு, தெபரா பொத்துனு விழுந்துச்சு. ஒரு கொட்டு கூட இல்ல அதோட ஒடம்புல. நெருப்புப்பெட்டியில போட்டு வச்சிருக்கேன், அஞ்சரை பிட்டும் அதுலயே தான் இருக்கு.

ரெண்டு போத்தலையும் கழுவி தங்கச்சிங்க பூச்செடிக்கு தண்ணி ஊத்த எடுத்துகிட்டாங்க, ஓட்டை இருக்குறதால நல்லா தூவுதாம்.

நானுஓயா கிழவன்:
மலையில கொட்டுன தேனி என்னாச்சு, அத சொல்லாம போறீங்களே.

போகவந்தலாவ பையன்:
அம்மா கங்காணி ஐயாகிட்ட சொல்லி அந்த மரத்த சுத்தி நாலு நெரைய விட்டுட்டு தான் கொழுந்து எடுத்தாங்க, கீழ பொகை போட வேணாம்னும் சொல்லி வச்சாங்க. டர்பன்டைன் பூ முடிஞ்சதும் அதுங்களா கெளம்பிருச்சு. வெறும் அடை மட்டும் கொப்புல தொங்குது. நேத்து அந்த நாலு நெரையும் முத்திப் போச்சுனு 9ம் நம்பருக்கு தான் ஆள் போட்டிருக்காங்க, அம்மாவும் போயிருக்காங்க.